பழைய அம்பாசிடரில் வேறு இன்ஜின் வைக்கலாமா?

கேள்வி கேட்டவர் 1970ஆம் வருஷத்து அம்பாசிடர் மார்க் 2 ஒன்றை டிங்கரிங், பெயிண்ட், சீட் என்று எல்லா வேலையும் முடித்து வைத்திருக்கிறார். இன்ஜின் மட்டும் புகைகிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. அதை இறக்கிவிட்டு இசுசு என்ற ஜப்பான் கம்பெனியின் பெட்ரோல் இன்ஜினோ, ஏதாவது டீசலோ வைக்கலாமா, அப்படிச் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்கிறார்.

நான் செய்தேன். பதினாலு மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றி, பழையதையே திரும்ப வைத்தேன். அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்ஜின் மாற்றுவது புதுசு இல்லை. 80களில் மார்த்தாண்டம் ஸ்டாண்டில் அப்பா டாக்சி ஓட்டினார். பெட்ரோல் அம்பாசிடர்தான். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் ஒரு மட்டடோர் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றினார். அப்போது அது சர்வ சாதாரணம். அப்பா வண்டி முக்கு திரும்புவதற்கு முன்னாலேயே அம்மா குழம்பைச் சூடு பண்ண அடுப்பில் வைத்துவிடுவாள், சத்தம் அப்படி. கண்ணாடி அதிரும், டேஷ்போர்டில் வைத்த தீப்பெட்டி தானாக நடந்து போகும். டீசல் இன்ஜினின் கனத்தில் முன்பக்கம் தாழ்ந்துபோய், அதைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியை அடிக்கடி முறுக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வேண்டும். பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரம் பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு வைத்தது என்பதால் 60-க்கு மேல் போனால் இன்ஜின் கதறும், டீசல் அவ்வளவு சுற்றாதே. ஆனாலும் அந்த வண்டிதான் எங்களைப் படிக்க வைத்தது. டாக்சிக்கு அந்தக் கணக்கு சரி. நீங்கள் ஆசையாகப் புதுப்பித்த வண்டிக்கு அந்தக் கணக்கு கிடையாது. டீசல் ஆசையை இதோடு விட்டுவிடுங்கள்.

என் வண்டி பெரியப்பாவுடையது, 1969 மார்க் 2. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போடும் புரைக்குள் பதினொரு வருஷம் கிடந்தது. வெளியே எடுத்தபோது பானட்டுக்குள் அணில் கூடு. பாடி வேலைக்கே இரண்டு வருஷம் போனது. இன்ஜினைப் பார்க்கும் நேரத்தில் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது, அதுதான் உண்மையான காரணம். கோயம்புத்தூர் பக்கம் உடைத்த ஒரு கான்டெசா காரிலிருந்து 1.8 லிட்டர் இசுசு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் 45,000 ரூபாய்க்குக் கிடைத்தன. கம்பெனியே 90களில் அம்பாசிடரில் இந்த இசுசுவை வைத்து விற்றதுதானே, அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன்.

உட்காரவில்லை. கம்பெனி அந்த இன்ஜினுக்காகச் சுற்றிலும் என்னென்ன மாற்றியதோ, அதையெல்லாம் மார்க் 2 பாடியில் நாம்தான் செய்ய வேண்டும். மவுண்டிங் புதுசாக வெட்டி வெல்டு வைத்தோம். ஃபேன் ரேடியேட்டரில் உரசியது, ரேடியேட்டரை முன்னால் தள்ளி எலக்ட்ரிக் ஃபேன் போட்டோம். பழைய கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் கை கியர், இசுசுவுக்குத் தரை கியர். அதற்காக நடுவில் இருக்கும் டனல் தகரத்தை கிரைண்டரால் வெட்டினோம். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. உங்கள் வண்டியில் பேட்டரியின் பிளஸ் பக்கம் பாடியில் எர்த் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளின் வழக்கம் அது. பார்க்காமல் ஆல்டர்னேட்டரைச் சேர்த்தால் டயோடு அந்த நிமிஷமே கருகும்.

எங்களை அதிகம் பாடாய்ப் படுத்தியது, கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். புது கியர் பெட்டி நீளம், அதனால் ஷாஃப்டை அந்த அளவுக்கு வெட்டிக் குறைத்து மறுபடி வெல்டு வைக்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு லேத்தில் கொடுத்துச் செய்து வாங்கி மாட்டினேன். 50 வரை வெண்ணெய் மாதிரி ஓடியது. 55 தாண்டினால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும், காலடியில் தரை விர்ரென்று அடிக்கும். வீல் பேலன்ஸ் பார்த்தோம், மவுண்டிங் ரப்பர் மாற்றினோம், கிளட்ச் பிளேட்டைக்கூடச் சந்தேகப்பட்டோம். மூணு வாரம் கழித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு முனையிலும் கிராஸ் என்ற சிலுவை வடிவ இணைப்பு உட்காரும் யோக் என்ற கவட்டை இருக்கிறதே, அவை இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எங்களுடையதில் ஒன்று கடிகார முள் இரண்டு நிமிஷம் நகர்ந்த அளவுக்குத் திரும்பியிருந்தது. ஒரு கிராஸில் ஏற்படும் வேக ஏற்ற இறக்கத்தை இன்னொரு கிராஸ் சரிக்கட்டும். கோடு பிசகினால் சரிக்கட்டாமல் அதிர்வாக வெளியே வரும். லேத்காரரைக் குறை சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முன்னால் குழாய் நெடுக ஒரு கோடு கிழித்துக் கொடுத்திருந்தால் அவர் அதைப் பார்த்தே வைத்திருப்பார். கொடுக்காதது நான்.

எல்லாம் சரியான பிறகு ஓட்ட எப்படி இருந்தது என்று கேட்டால், பொய் சொல்ல மாட்டேன், அருமை. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை உள்ள ஏற்ற இறக்கத்தில் கியரே மாற்றாமல் போகும். ஆரல்வாய்மொழிக் காற்றில் எதிர்ப்பக்கம் போனாலும் வேகம் குறையாது. சுமார் 50 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 75-க்குக் குறையாமல் வந்தால் இருக்காதா?

வண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய என் மெக்கானிக் அண்ணாச்சி பானட்டைத் திறக்கவில்லை, நேராக வீலைத் தொட்டுப் பார்த்தார். "ஓடுறது பெரிசில்லடே, நிக்கதுதான் பெரிசு, கேட்டியா" என்றார். நான் சிரித்தேன். மார்க் 2-வில் நாலு வீலுக்கும் டிரம் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. பழைய இன்ஜினோடு 50-ல் இறங்கிய இடத்தில் இப்போது தெரியாமலே 70-ல் இறங்குகிறோம். வேகம் 50-லிருந்து 70 ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தக் கணக்கு எனக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

பேச்சிப்பாறை அணை பார்த்துவிட்டு மச்சான் குடும்பத்தோடு இறங்கி வருகிறோம். மூணாவது வளைவில் கருகிய வாசனை. யாரோ சருகு எரிக்கிறார்கள் என்று மச்சான் சொன்னார். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, அதற்கடுத்ததில் தரையைத் தொட்டது. எதிரே ரப்பர் பால் கேன் ஏற்றிய ஒரு மினி லாரி. இரண்டாவது கியரில் தட்டி, கை பிரேக்கை இழுத்து, இடது பக்கம் மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் அது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். டிரம் மேல் தெளித்த தண்ணீர் சுர்ரென்று ஆவியாகப் போனது. அண்ணாச்சியிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

அப்புறம் பேப்பர். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஆர்.சி. மாறாமல் அந்த வண்டியை நான் ரோட்டில் ஓட்டியதே தப்பு. 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்று 182ஏ பிரிவு சேர்ந்தது. கேஸ் கிட், பேட்டரி கிட் போல வேறு எரிபொருளுக்கு மாற்ற, அனுமதி பெற்ற கிட்டுகளுக்கு மட்டும் தனி வழி உண்டு. ஸ்கிராப்பில் வாங்கிய இசுசுவுக்கு அந்த வழி இல்லை.

என் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் 2019-ல் வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி இன்ஜினைப் பார்த்தார். "வண்டி அழகா இருக்கு சார், இன்ஜின்தான் இந்த வண்டியோடது இல்லை" என்றார். திட்டவில்லை, பணம் கேட்கவில்லை. பழைய இன்ஜினோடு கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். இன்ஷூரன்ஸையும் யோசித்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை வளைவில் ஏதாவது ஆகியிருந்தால் கம்பெனி முதலில் பார்ப்பது இன்ஜின் நம்பரைத்தான்.

நல்லவேளை, பழைய இன்ஜினை எடைக்குப் போடவில்லை. நீங்களும் போட்டுவிடாதீர்கள். அது பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின், 1,489 சிசி. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஆரம்பத்தில் வந்ததும் இதே இன்ஜினோடுதான், நம்மாட்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போர் (சிலிண்டரின் அகலம்) 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 89 மில்லிமீட்டர், அதாவது ஸ்ட்ரோக் நீளமானது. வேகமாகச் சுற்றாது, ஆனால் கீழ் வேகத்தில் நின்று இழுக்கும். உங்கள் வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்றால் அது இன்ஜினின் குணம் இல்லை, தேய்மானம். என்னுடையதில் சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாக்கி, 40 ஓவர்சைஸ் போர் அடித்து, அதற்கேற்ற புது பிஸ்டன் போட்டோம், கிராங்க் கிரைண்டிங் செய்தோம், கார்புரேட்டரை முழுசாகப் பிரித்துச் சுத்தம் பண்ணினோம்.

சிலிண்டருக்கு மேல் மூடியாக உட்காரும் ஹெட்டில் ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது, 2000-லிருந்து நாட்டில் ஈயமில்லாத பெட்ரோல்தான். வால்வு உட்காரும் இடத்தில் வெறும் வார்ப்பிரும்பு இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்து வால்வு உள்ளே இறங்கும், கம்ப்ரெஷன் போகும். எக்ஸாஸ்ட் பக்கத்துக்காவது கடினமான சீட் வளையம் அடித்து வாங்குங்கள். இப்போது வரும் எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் தாங்காது, அவற்றையும் மாற்றிவிடுங்கள். எனக்கு எல்லாம் சேர்த்து 68,000 ஆனது. இசுசு ஏற்ற, இன்ஜின் விலை உட்பட, ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருந்தது. இறக்கிய கூலி தனி.

இன்ஜின் பிளாக் விரிசல் விட்டு, ஒன்றும் செய்ய முடியாது என்றால்? பிற்பாடு வந்த அம்பாசிடர் மார்க் 4-லும் அம்பாசிடர் நோவாவிலும் இருந்த 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அதில் நல்லதாக ஒன்று தேடுங்கள். பில்லும், அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான காகிதமும் இல்லாமல் வாங்காதீர்கள், திருட்டு இன்ஜினாக இருந்தால் உங்கள் தலையில் விடியும். மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். மாட்டியபின் 14 நாளுக்குள் தெரிவித்துப் புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வயது கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ராலி மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் முதலில் இருந்தபடி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுடைய 1970 வண்டிக்கு அந்த வயது ஆகிவிட்டது. அந்தப் பதிவு வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், ஆனால் இன்ஜினை மாற்றிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

என் இசுசுவை நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் வந்து தன் கான்டெசாவுக்கு எடுத்துக்கொண்டு போனார். கை கியர் பழைய இடத்துக்கு வந்தாயிற்று. வெட்டிய டனல் தகரத்தையும் திரும்ப வைத்து வெல்டு அடித்து, மேலே மேட் விரித்திருக்கிறேன். பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழையில் மட்டும் அந்த இடம் வழியாகத் தண்ணீர் கசிந்து டிரைவர் காலடி நனைகிறது, மூணு தடவை அடைத்தும் நிற்கவில்லை.