பொய்க்குப் பொய் சாட்சியா?

கேள்வி: என் மகன் காலநிலை ஆராய்ச்சியில் இருக்கிறான். கம்ப்யூட்டரில் உண்டாக்கிய மேகத்தை, கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கிய சாட்டிலைட்டை வைத்துப் பார்க்கிறார்களாம். அதற்கென்று தனி மென்பொருளாம். பொய்க்குப் பொய் சாட்சியா? நிஜப் படத்தோடு நேரே ஒப்பிட்டால் ஆகாதா?
– அப்பளம் போடும் வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: படித்ததும் சிரித்துவிட்டேன் அம்மா. ஆனால் சாட்சி சொல்வது பொய்க்கு இல்லை.

உங்கள் தட்டட்டியில் நின்று பார்த்தால் மாஞ்சோலை மேல் மேகம் உட்கார்ந்திருக்கும். அந்நேரம் மாஞ்சோலையில் இருப்பவர், ‘மேகம் எங்க? இங்க ஒரே மூடுபனில்லா’ என்பார். சாட்டிலைட்டுக்கு அதற்கும் மேலே பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல ஓர் உயர மேகம் தெரியும். மூன்று பேர் சொல்வதும் நிஜம்தான்.

பூமியின் காலநிலையைக் கணக்குப் போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர் நிரலைக் காலநிலை மாடல் என்பார்கள். அதற்கோ நிற்க இடமே கிடையாது. பூமியைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, அடுக்குக்கு அடுக்கு எத்தனை பங்கு மேகம், எவ்வளவு நீர், எவ்வளவு பனித்துகள் என்று கணக்கு வைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பெட்டி பக்கத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் என்றால், தென்காசிச் சாரலும் பாளையங்கோட்டை வெயிலும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும். ‘பாதி மேகம்’ என்ற அந்த ஒற்றை வரியை எந்தப் படத்தோடு ஒப்பிடுவது?

உங்கள் மகன் சொன்ன வேலைக்குப் பலரும் வைத்துக்கொள்ளும் மென்பொருள் ‘காஸ்ப்’ (COSP). அதை விவரிக்கும் கட்டுரை 2011-இல் வந்தது. முதலில் அது பெட்டியை மெல்லிய தூண்களாக நறுக்கி, எந்தத் தூணில் எந்த உயரத்தில் மேகம் என்று பங்கிட்டுவிடும். அப்புறம் சாட்டிலைட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அந்தத் தூணை எப்படிப் பார்க்கும் என்று கணக்கிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: கருவியின் குறையையும் சேர்த்தே நடிக்கும். 2006-இல் ஒரே ராக்கெட்டில் போன இரண்டு சாட்டிலைட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 2023-இல் வேலையை முடித்துக்கொண்டன. கலிப்சோ பச்சை லேசர் அடித்துப் பார்த்தது. மெல்லிய மேகம்கூடத் தப்பவில்லை, ஆனால் தடித்த மேகத்துக்குள் ஒளி செத்துப்போனது, கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. கிளவுட்சாட்டின் ரேடார் தடித்த மேகத்தைத் துளைத்தது, ஆனால் மெல்லியதைக் கோட்டைவிட்டது. தரையை ஒட்டிய மேகத்தில், தரையின் எதிரொலியே வந்து குழப்பியது. இன்னொரு ரகம் வெப்பத்தை வைத்து உயரம் சொல்வது. உயரத்தில் மெல்லிய மேகம், அடியில் தாழ்ந்த மேகம் என்றிருந்தால், இரண்டும் கலந்து ‘நடு உயரத்தில் மேகம்’ என்று தப்பாகச் சொல்லும். மென்பொருளும் வேண்டுமென்றே அதே தப்பைச் செய்யும். அப்படி மாடல் மேகம், நிஜ சாட்டிலைட் பார்த்த மேகம் என்று இரண்டு பக்கமும் ஒரே கண்ணாடியைப் போட்ட பிறகும் வித்தியாசம் மிஞ்சினால், பெரும்பாலும் மாடலைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டுப் பிடித்ததும் உண்டு. பல மாடல்களில் வெப்பமண்டலத் தாழ்மேகம் வேண்டியதைவிடக் குறைவு. இருப்பதோ வேண்டியதைவிடப் பளிச். இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால், திருப்பி அனுப்பும் வெயிலின் மொத்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வந்திருந்தது. முப்பது வருஷம் கணக்கு விடைத்தாள் திருத்தியவன் நான். இந்த ரகத்தை நன்றாகத் தெரியும். விடை சரி, வழி தப்பு. பாதி மார்க்.

சரி, தூண் நறுக்குவதிலும் ஊகம் உண்டு. மேலடுக்கு மேகம் கீழடுக்கின் மேல் எவ்வளவு கவிந்திருக்கிறது என்பதை ஆராய்ச்சிக்காரர்களாகத்தான் முடிவுசெய்கிறார்கள். மகன் ஊருக்கு வரும்போது அதைக் கேட்டு மடக்குங்கள். மற்றபடி, மந்தாரமான நாளில் அப்பளத்தைக் காயப்போடலாமா என்று காஸ்ப் சொல்லாது. தட்டட்டியில் ஏறி மேற்கே பார்த்துக்கொள்ளுங்கள்.