பத்து கிலோமீட்டர் இருக்கட்டும், அறிவிப்பை முதலில் வாபஸ் வாங்குங்கள்

கேள்வி: போன வருடம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வயது 51. இப்போது நன்றாக நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். முன்பு தவறாமல் ஓடியவன். பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நாசாம் சங்கத்துக்காக, பினாங்குப் பாலம் மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடி 5,000 ரிங்கிட் திரட்டப்போகிறேன் என்று வாட்சப் குழுவில் அறிவித்துவிட்டேன். வீட்டில் மனைவி ஒரே சண்டை. ஓடலாமா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: டாக்டர் சரி என்றால் ஓடலாம். ஆனால் அந்த அறிவிப்பை வாபஸ் வாங்குங்கள். உங்கள் மனைவிக்கு ஓட்டத்தின் மேல் கோபம் என்று நினைக்கிறீர்கள், எனக்கென்னவோ அந்த வாட்சப் செய்தியின் மேல்தான் என்று படுகிறது. ஊரார் பணம் கட்டிய பிறகு, அன்றைக்குக் கால் இழுத்தாலும் தலை சுற்றினாலும் ‘சொல்லிவிட்டேனே’ என்று ஓடிவிடுவீர்கள், ஓடுகிறவர்கள் புத்தியே அது. அதுவும் விடிவதற்கு முன்பே கிளம்பும் ஓட்டம், பாதித் தூக்கம் போய்விடும், பக்கவாதத்துக்குப் பின் வரும் அசதி தூக்கம் கெட்டால் இன்னும் மோசமாகும். நடுவழியில் முடியாமல் நின்றால் கிராப் வாடகைக் கார் கூப்பிடவும் வழியில்லை.

அடைப்பு எதனால் வந்தது என்று சொன்னார்களா? ரத்த அழுத்தமா, சர்க்கரையா, இதயத்துடிப்பு தாறுமாறாக அடிப்பதாலா? அது தெரியாமல் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிளினிக்கில் ‘ஓடலாமா’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘பெலான் பெலானா (மெதுவாக) நடங்க அங்கிள்’ என்று அனுப்பிவிடுவார்கள். டிரெட்மில்லில் இதயத்தைச் சோதிக்க வேண்டுமா, பிபி எவ்வளவு இருந்தால் அன்று ஓடக்கூடாது என்று கேளுங்கள். ஓய்வாக இருக்கும்போதே மேல் அளவு 200ஐயோ கீழ் அளவு 110ஐயோ தாண்டினால் உடற்பயிற்சியே கூடாது என்பது பொதுவான கணக்கு, உங்களுக்கு டாக்டர் இன்னும் குறைவாகவே சொல்லலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிட்டால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அதுதான் அளவு.

அப்புறம் கால். பழைய காலணியைத் திருப்பிப் பாருங்கள், இடது பக்கம் நுனி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் பாதம் சரியாகத் தூக்கவில்லை என்று அர்த்தம். நடக்கும்போது தெரியாது, களைத்த பிறகுதான் ‘சரக் சரக்’ என்று சத்தம் வரும். சத்தம் வந்த இடத்தில் ஓட்டத்தை நிறுத்துங்கள், மீதி தூரம் நடை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வலிக்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால் சமதளமான பாதையாகத் தேடுங்கள். தண்ணீர்மலைப் பக்கத்துத் தாவரவியல் பூங்கா அழகுதான், ஆனால் அங்கே மேடும் உண்டு, குரங்கும் உண்டு. நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுவோட்டம் என்று வெயிலுக்கு முன் தொடங்குங்கள், கூட ஒரு ஆள் வேண்டும். முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ பேச்சு குழறினாலோ அந்த ஆள் உடனே 999ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, உட்கார்ந்து பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

பணத்துக்கு வருகிறேன். நாசாமை 1996இல் தொடங்கிய ஜேனட் இயோவும் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்தான், நீங்கள் அடம்பிடித்து ஓடிக் கொண்டுவரும் பணம் அந்த மாதிரி இடத்துக்குத் தேவையே இல்லை. கிலோமீட்டர் கணக்கு வைக்காதீர்கள், அது உங்களை விரட்டும். பயிற்சி செய்த நாளுக்கு இவ்வளவு என்று கேளுங்கள், நடந்த நாளும் கணக்கில் சேரட்டும். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவே கூடாது, நேராகச் சங்கத்துக்கே போகட்டும். வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் வரிவிலக்கு ரசீது கிடைக்குமா என்று அவர்களிடமே கேட்டுச் சொன்னால் கொடுப்பவர்களும் தாராளமாகக் கொடுப்பார்கள். கோவில் வாசலில் உண்டியல் பிடிக்கும் யோசனை இருந்தால், பொது இடத்தில் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டில் பிபி பார்க்கும் வேலையை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரமும் அவருக்கே.