எங்கே படித்தீர்கள் என்று கேளுங்கள்

கேள்வி: செம்பூரில் எங்கள் கட்டடத்தில் ஒரு பெண் ‘டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட்’ என்று பலகை மாட்டியிருக்கிறார். என் மாமியாருக்கு வயது 64. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் 2.1, அதாவது சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது. காலையில் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் இளநீர், இரண்டு வேளை அவரே விற்கும் புரதப் பொடி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். படிப்பைப் பற்றிக் கேட்டால், ஆன்லைனில் ஆறு வாரச் சான்றிதழ் என்கிறார். இப்படிப் பலகை மாட்டச் சட்டம் அனுமதிக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சட்டம் கிடக்கட்டும், முதலில் சாற்றை நிறுத்துங்கள். இளநீரையும் பொடியையும் சேர்த்துத்தான். நாளைக் காலையே ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்து, அந்த அறிக்கையோடு சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.

‘வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது’ என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். கல் வந்தவருக்குச் சொன்ன வைத்தியத்தைச் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் நீட்டிவிடுகிறார்கள். வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். தளர்ந்த சிறுநீரகத்தால் அதைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் அதை ஏற்றக்கூடியவை. மருத்துவமனையில் இத்தகைய நோயாளிகளின் வீட்டாருக்கு நான் சொல்லித் தருவது வேறு: காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். “சத்தெல்லாம் போய்விடுமே” என்று மாமியார்கள் சண்டைக்கு வருவார்கள். போகட்டும், பொட்டாசியமும் அதோடு போகிறது அல்லவா? உங்கள் கட்டடத்துப் பலகைக்காரர் கொட்ட வேண்டியதையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கிறார்.

இனிச் சட்டம். மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல உணவியல் நிபுணருக்கென்று சட்டப்படியான பதிவேடு நம் நாட்டில் நெடுங்காலம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம் என்ற நிலை அதனால்தான். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்து ‘ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்’, சுருக்கமாக ஆர்.டி., என்ற தகுதியைக் கொடுத்து வருகிறது. தரமான தகுதிதான், ஆனால் அது தொழில்முறைச் சங்கம் தருவது, அரசு தருவதல்ல. 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதன்படி மத்தியப் பதிவேட்டிலோ மாநிலப் பதிவேட்டிலோ பெயர் இல்லாதவர் தொழில் செய்யக் கூடாது. மீறினால் அபராதம் உண்டு. இந்தப் பதிவுக்கான கவுன்சிலை மாநிலங்கள் அமைப்பதில் காட்டிய வேகத்தைப் பார்த்து, 2024-இல் உச்ச நீதிமன்றமே கெடு வைக்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சட்டங்களின் ஜாதகம் அப்படி.

ஆகவே பலகையை நம்பாமல் ஆளைக் கேளுங்கள். என்ன பட்டம், எந்தக் கல்லூரி, எந்த மருத்துவமனையில் பயிற்சி, ஆர்.டி. எண் உண்டா? பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் மருத்துவமா, முனைவர் பட்டமா என்றும் கேட்கலாம், தவறில்லை. ரத்த அறிக்கையைக் கேட்காமலேயே பட்டியல் எழுதுகிறவரிடமும், தன் பொடியைத் தானே விற்கிறவரிடமும் எனக்கு நம்பிக்கை கிடையாது. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கலாம். அது உணவு விற்க அனுமதி. உங்கள் மாமியாருக்கு ஏற்றது என்ற சான்று அல்ல. கொடுத்த பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. டயட்டீஷியன் ஆக ஆசை. அந்த ஆறு வாரப் படிப்பு போதாதா?
- ஒரு தந்தை, மாட்டுங்கா

பதில்: போதாது. உணவு, ஊட்டச்சத்துப் பாடத்தில் பி.எஸ்சி., பிறகு முதுகலைப் பட்டமோ டிப்ளமோவோ, அதன் பின் மருத்துவமனைப் பயிற்சி, ஆர்.டி. தேர்வு என்று சில வருடங்கள் ஆகும். மும்பையிலேயே எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகமும் நிர்மலா நிகேதன் மனையியல் கல்லூரியும் இருக்கின்றன. வேதியியலைக் கைவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.