பீரோவைத் திறந்தால் தலையில் விழும் பெட்ஷீட்டுகள்: கேள்வியும் பதிலும்

வேலூரில் ஒரு மருத்துவமனையின் துணிக் கிடங்கில் 26 வருஷம் வேலை பார்த்தவள் நான். பெட்ஷீட், போர்வை, துண்டு, தலையணை உறை தவிர இவளுக்கு உலகத்தில் வேறொன்றும் தெரியாது என்று வீட்டில் கேலி செய்வார்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் வேலூர் ஆஸ்பத்திரி என்று எங்கள் வீட்டில்தான் வந்து தங்குகிறார்கள். அதற்காகவே வாங்கி வாங்கி 22 பெட்ஷீட் சேர்ந்துவிட்டது. பீரோவைத் திறந்தால் சரிந்து விழுகிறது. ஆனால் ஆள் வரும்போது ஒன்றும் கைக்கு அகப்படுவதில்லை. (காட்பாடி)

இருப்பது அதிகம், அதனால்தான் அகப்படவில்லை. கிடங்கில் எங்கள் கணக்கு எளிது. ஒரு கட்டிலுக்கு மூன்று: விரித்திருப்பது ஒன்று, துவைக்கப் போனது ஒன்று, அடுக்கில் ஒன்று. உங்களுக்கு இரண்டு கட்டில் என்றால் ஆறு போதும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஹாலில் பாய் போட்டுத்தான் படுப்பார்கள், அவர்களுக்கு நான்கு சிங்கிள். ஆக பத்து. மீதி பன்னிரண்டையும் எடுத்துப் பாருங்கள், பாதி மடிப்பு ஓரத்தில் பழுப்பேறியிருக்கும். மேலே இருக்கிற இரண்டையே துவைத்துத் துவைத்து மேலேயே வைப்பதால் அடியில் கிடப்பது வருஷக்கணக்கில் வெளிச்சம் பார்ப்பதில்லை. துவைத்து வந்ததை அடியில் வையுங்கள், எடுப்பதை மேலிருந்து எடுங்கள். எங்கள் கிடங்கில் புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்ணுக்கு முதல் நாள் சொல்வது இதைத்தான்.

அப்புறம் விருந்தாளி மூட்டை. ஒரு தலையணை உறைக்குள் சிங்கிள் பெட்ஷீட் ஒன்று, போர்வை ஒன்று, துண்டு ஒன்று வைத்து வாயை மடித்துவிடுங்கள். இப்படி நான்கு. ராத்திரி பதினொரு மணிக்கு ரயிலிறங்கி வருகிறவர்களுக்கு மூட்டையை அப்படியே நீட்டிவிடலாம், நீங்கள் எழுந்து பீரோவைக் குடைய வேண்டாம். அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் அந்த மூட்டையை மட்டும் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். நோயாளியோடு இருந்துவிட்டு வந்த துணியை வீட்டுத் துணியோடு கலக்காதீர்கள்.

எது டபுள், எது சிங்கிள் என்று பிரித்துப் பார்த்து மடிப்பதிலேயே பாதி அலமாரி கலைகிறது. டபுள் பொதுவாக 90க்கு 100 அங்குலம், சிங்கிள் 60க்கு 90. டபுளுக்கு ஒரு மூலையில் சிவப்பு நூலால் நாலு தையல் போடுங்கள். அந்த மூலை வெளியே தெரிகிற மாதிரி மடியுங்கள், போதும்.

ஐப்பசி பிறந்தால் எங்கள் சுவர் அலமாரியில் துணியெல்லாம் முடை நாற்றம் அடிக்கிறது. கற்பூரம் வைத்தும் போகவில்லை. (ராணிப்பேட்டை)

கற்பூரம் நாற்றத்தை மறைக்கும், அவ்வளவுதான். உங்கள் அலமாரியின் பின்பக்கம் வெளிச்சுவர்தானே? மழைக்காலத்தில் அதில் ஓதம் ஏறும். துணியைச் சுவரில் ஒட்டி அடுக்கினால் அந்த ஈரம் துணிக்கு வந்து பூஞ்சை பிடிக்கும். சுவருக்கும் துணிக்கும் நடுவே மூன்று விரல் இடம் விடுங்கள். அடித்தட்டில் கடப்பைக்கல்லின் மேல் நேராக வைக்காமல் இரண்டு மரச்சட்டம் போட்டு அதன்மேல் வையுங்கள். தட்டை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். மழை விட்ட நாளில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள், முடிந்தால் எதிரே ஃபேனைப் போடுங்கள். அடுப்புக்கரி வைத்தால் வாசனையைக் கொஞ்சம் இழுக்கும், ஓதத்தை நிறுத்தாது. வெளிச்சுவரில் விரிசல் இருந்தால் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும், என்னை இல்லை.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. இஸ்திரி போட்ட கையோடு துணியை உள்ளே வைப்பது. சூட்டோடு இருக்கிற துணியில் நீராவி இருக்கும். அரை மணி நேரம் கட்டிலில் பரப்பி ஆறவிட்டு அடுக்குங்கள். மழைக்காலத்தில் தொட்டுப் பார்த்துக் காய்ந்ததா என்று முடிவு செய்யாதீர்கள், குளிர்ச்சியும் ஈரமும் விரலுக்கு ஒன்றாகவே தெரியும். ஓரத் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியாகக் காய்வது அந்தத் தையல்தான்.

என் கணவரின் வேட்டிகளில் சின்னச் சின்ன ஓட்டைகள். எலி இல்லை. வெள்ளி நிறத்தில் ஒரு பூச்சி ஓடுகிறது. (வேலூர், வேலப்பாடி)

இராமபாணப் பூச்சி. அதற்குப் பிடித்த சாப்பாடு மாவுச்சத்து. கஞ்சி போட்ட வேட்டியை மாசக்கணக்கில் மடித்து வைத்தால் அதற்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரிதான். கஞ்சியை உடுத்தப்போகிற வாரத்தில் போடுங்கள், எடுத்து வைக்கும்போது வெறும் தண்ணீரில் அலசி வையுங்கள். தட்டில் பழைய செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், காகிதமும் அதற்கு உணவுதான். மையும் வெள்ளைத் துணியில் ஒட்டும். பழைய நூல் புடவையைக் கிழித்து விரியுங்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலை வைக்கலாம், ஆனால் அதை நம்பி மூலைகளைத் துடைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

மகளைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்கிறோம். என் பேரனின் பழைய சட்டை, துணிகளை அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். வெயிலில் காட்டிவிட்டுப் போடலாமா? (ஆம்பூர்)

வேண்டாம், அம்மா. இதற்கு மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்துருண்டையில் இருப்பது நாப்தலின். ஜி6பிடி என்கிற நொதி உடம்பில் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த வாசனையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்துத் தெரியாது. பழைய துணிதான் மெத்தென்று இருக்கும், புதுசு வேண்டாம் என்று நம் பக்கம் சொல்வது சரிதான். அதற்கு உங்கள் சொந்த நூல் புடவை ஒன்றைக் கிழியுங்கள், அந்துருண்டை பார்க்காத புடவையாக இருக்கட்டும். துவைத்து வெயிலில் காயவைத்து, மூடியுள்ள தனி டப்பாவில் வையுங்கள். குழந்தை இருக்கிற அறையில் பீரோவிலிருந்தும் அந்துருண்டையை அப்புறப்படுத்திவிடுங்கள். கற்பூரமும் வேண்டாம்.

எலாஸ்டிக் வைத்த பெட்ஷீட்டை எப்படித்தான் மடிப்பது? (குடியாத்தம்)

நான்கு மூலைகளையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்தால் ஓரளவு சதுரமாக வரும். வராவிட்டால் சுருட்டி, அதே செட்டின் தலையணை உறைக்குள் திணித்துவிடுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன். நெசவுக்குப் பேர் போன ஊரிலிருந்து எழுதுகிறீர்கள், பேசாமல் சாதாரண விரிப்பே வாங்கலாமே.

கல்யாணப் பட்டுப்புடவையில் ஜரிகை கறுக்கிறது. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலேயேதான் வைத்திருக்கிறேன். (ஆரணி)

அந்த உறைதான் காரணமாக இருக்கும். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லை. துவைத்த வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாசத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடித்த இடத்திலேயே இழை விடும். சென்ட் அடித்துக் கட்டிய புடவையை ஒரு ராத்திரி கொடியில் ஆறவிட்ட பிறகு உள்ளே வையுங்கள். பட்டை வெயிலில் போடவே கூடாது, அதுவும் நம் ஊர்க் கத்திரி வெயிலில்.

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அவருடைய நூல் புடவைகள் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. கொடுக்கவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை. (திருவண்ணாமலை)

கொடுக்க வேண்டாம். நாலைந்து புடவையை ஒன்றன்மேல் ஒன்று போட்டுத் தைத்தால் மார்கழிக்கு நல்ல போர்வை ஆகும். தையல்காரரிடம் கொடுத்தால் தைத்துத் தருவார். எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். அவர் அடிக்கடி கட்டியது எது என்று உங்களுக்குத் தெரியும், அதை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மாவின் சுங்குடி ஒன்று என் பீரோவில் 19 வருஷமாக இருக்கிறது. எதையும் அடியிலேயே கிடக்க விடாதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற நான், அதை மட்டும் அடியிலிருந்து எடுத்ததே இல்லை.