ஒவ்வொரு வரியிலும் ஒரு ‘ஏன்’

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கத்தோலிக்க மாணவர் குழுவில் அடுத்த மாதம் மூன்று நாள் தியானம் வைத்திருக்கிறார்கள். வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வாழ்வின் நோக்கத்தைச் சொல்லும் ‘மிஷன் ஸ்டேட்மென்ட்’டை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டேன். ‘இறைவனின் அருளால், என் துறையில் சிறந்து விளங்கி, சமுதாயத்தில் மாற்றத்தை உண்டாக்கும் தலைவியாக உயர்வேன்’ என்று ஆரம்பிக்கிறது. படித்தால் வேலைக்குப் போடும் விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு சொற்களை எடுத்துவிட்டால் கடவுளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

‘உம் விருப்பப்படியே ஆகட்டும்’ என்று மனதார எழுதவும் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் மடத்துக்குப் போகச் சொல்லிவிடுவாரோ? அப்புறம், சில மாதங்களாகத் திருப்பலியில் உட்கார்ந்திருந்தாலும் மனம் ஒட்டவில்லை. இந்த நிலையில் விசுவாசத்தை வைத்து எழுதுவது வேஷம் இல்லையா? நீங்கள் மாணவியாக இருந்தபோது இப்படி ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

எழுதியிருக்கிறேன். உங்கள் வயதில்தான், இதே போல ஒரு தியானத்துக்கு முந்தைய வாரம். ரெக்கார்டு நோட்டின் கடைசித் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் பன்னிரண்டு வரி. மாணவர்களுக்கு ஆன்ம ஆலோசகராக இருந்த ஒரு ஃபாதரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். எழுத்துப்பிழைதான் போல என்று நினைத்தேன். தாளைத் திருப்பிக் காட்டினார். படிப்பேன், உழைப்பேன், உயர்வேன், உதவுவேன், மாற்றுவேன். ‘எல்லா வரியும் ஒரு “ஏன்”லதான் முடியுது, பாத்தியாம்மா? அந்த ஏனுக்குப் பதில் எங்க?’ என்றார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பென்சில் கோடுகள் மங்கிவிட்டன, கேள்வி மங்கவில்லை.

உங்கள் வரியும் ‘உயர்வேன்’ என்றுதான் முடிகிறது. உயர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்காக, எதற்காக என்பது அதில் இல்லை. அதுதான் உங்களை உறுத்துகிறது. உறுத்துவது நல்லது. நான்கு முறை எழுதிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலின் தொடக்கத்தில் ‘அடித்தளம்’ என்று ஒரு சிறு பகுதி வரும். மனிதர் படைக்கப்பட்டது கடவுளைப் புகழவும் வணங்கவும் அவருக்குப் பணிசெய்யவும்தான். மற்ற எல்லாம் அந்த நோக்கத்துக்கு உதவவே தரப்பட்டிருக்கின்றன. உதவுகிற அளவுக்கு எடுத்துக்கொள், தடுக்கிற அளவுக்கு விட்டுவிடு. சாராம்சம் இவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால் பட்டம், வேலை, தலைமை எல்லாமே வழிகள். அவற்றில் எதுவும் போய்ச் சேருகிற இடம் இல்லை.

உங்களுக்கு இன்னும் நேரடியாக உதவக்கூடிய ஒன்றை அவர் பின்னால் ஓர் இடத்தில் சொல்கிறார். பலர் முதலில் திருமணத்தைத் தேர்ந்துகொண்டு, அப்புறம் அந்த வாழ்வில் கடவுளுக்குப் பணிசெய்யலாம் என்று நினைக்கிறார்கள்; இப்படிச் செய்கிறவர்கள் நோக்கத்தை வழியாகவும் வழியை நோக்கமாகவும் மாற்றிவிடுகிறார்கள் என்கிறார். திருமணத்தில் அவர் குறை காணவில்லை, வரிசையில்தான் காண்கிறார். தான் கடவுளிடம் போவதற்குப் பதிலாக, தன் ஆசை இருக்கிற இடத்துக்குக் கடவுளை வரச் சொல்வது அது. ‘இறைவனின் அருளால்’ என்று முன்னால் சேர்த்தும் உங்கள் வரி உங்களுக்கே ஒட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவை எடுத்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் அவரிடம் நீட்டுகிறோம். நானும் அதையேதான் செய்திருந்தேன்.

இஞ்ஞாசியார் இதையெல்லாம் தன் முதல் தோழர்களுக்குப் பழக்கியது மடத்தில் இல்லை, மாணவர் விடுதியில். 1529-இல் பாரிஸ் சாந்த் பார்ப் கல்லூரியில் இரண்டு மாணவர்கள் இருந்த அறையில் அவரும் வந்து சேர்ந்தார். அவர்களுக்கு வயது 23, அவருக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் பிரான்சிஸ் சவேரியார், பதவி, பெயர் என்று கனவு கண்டுகொண்டிருந்தவர். இன்னொருவர் பீட்டர் ஃபேபர். சவேரியாரை எல்லாருக்கும் தெரியும். ஃபேபரை இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர் உங்களைப் போன்றவர். கல்யாணம் செய்துகொள்ளலாமா, மருத்துவர் ஆகலாமா, வழக்கறிஞர் ஆகலாமா, இறையியல் படிக்கலாமா, துறவியாகப் போகலாமா என்று மனம் ஒரு காற்றிலிருந்து இன்னொரு காற்றுக்கு அலைந்ததாக அவரே பின்னாளில் குறித்து வைத்திருக்கிறார். இஞ்ஞாசியார் அவரை அவசரப்படுத்தவில்லை. தினமும் மனதைச் சோதித்துப் பார்க்கவும், அடிக்கடி ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) பெறவும், வாரந்தோறும் நற்கருணை வாங்கவும் பழக்கினார். ஆன்மப் பயிற்சிகளுக்கே ஏறக்குறைய நான்கு வருடம் கழித்து, 1534-இல்தான் அவரை உட்கார வைத்தார். அப்படிப்பட்ட குழப்பக்காரர் 2013-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். உங்கள் குழு உங்களுக்கு ஒரு மாதம் கொடுத்திருக்கிறது. பரவாயில்லை, எழுதுங்கள். ஆனால் ஒரு மாதத்தில் எல்லாம் தெளிந்துவிட வேண்டும் என்ற கெடுவை மட்டும் நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

அதே 1534, ஆகஸ்ட் 15, மரியாவின் விண்ணேற்பு விழா. இவர்கள் மூவரும் இன்னும் நான்கு நண்பர்களுமாக ஏழு பேர் மோன்மார்த்தர் குன்றிலிருந்த சிற்றாலயத்துக்குப் போனார்கள். ஏழு பேரில் ஃபேபர் ஒருவர்தான் அப்போது குரு. அவர் திருப்பலி நிறைவேற்றினார். ஏழ்மையாகவும் கற்போடும் வாழ்வோம், எருசலேமுக்குப் போவோம் என்று வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொண்டார்கள்: கப்பலுக்காக ஒரு வருடம் காத்திருப்போம், போக முடியாவிட்டால் திருத்தந்தையிடம் சென்று, எங்கே அனுப்பினாலும் போகிறோம் என்று சொல்வோம்.

கப்பல் கிடைக்கவே இல்லை. 1537-இல் வெனிஸில் காத்திருந்தார்கள், துருக்கியரோடு மூண்ட போரால் கடல்வழி அடைபட்டது. உரோமைக்குத் திரும்பினார்கள். 1540-இல் இயேசு சபைக்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. அதே வருடம் கீழை நாடுகளுக்குப் போக வேண்டியிருந்த ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, அவருக்குப் பதிலாகக் கிளம்பியவர்தான் சவேரியார். மாணவர்களாக இருந்தபோது எழுதிய திட்டம் நடந்திருந்தால் அவர் எருசலேமில் இருந்திருப்பார். திட்டம் உடைந்தது, அழைப்பு உடையவில்லை. ‘முடியாவிட்டால்’ என்ற அந்த வரியை அவர்கள் முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள். உங்கள் தாளிலும் அப்படி ஒரு வரி இருக்கட்டும். ‘இந்த வேலை கிடைக்காவிட்டாலும், இந்தப் படிப்பு முடியாவிட்டாலும், ஆண்டவரே, என்னிடம் எதை மட்டும் எதிர்பார்க்கிறீர்?’ என்ற கேள்விக்கு வரும் பதில்தான் அந்த வரி.

படிப்பே முடியாமல் போன ஒரு மாணவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியேர் ஜோர்ஜோ ஃப்ரசாத்தி, இத்தாலியின் தூரின் நகரில் வசதியான வீட்டுப் பிள்ளை. சுரங்கத் தொழிலாளர்கள் நடுவில் இருந்து கிறிஸ்துவுக்குப் பணிசெய்ய வேண்டும் என்று சுரங்கப் பொறியியல் எடுத்தார். பாருங்கள், துறையை எடுத்துவிட்டு அதில் கடவுளைத் தேடவில்லை, வரிசை சரியாக இருக்கிறது. படிக்கும்போதே வின்சென்ட் தெ பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்தார். 1925-இல், பட்டம் வாங்குவதற்குச் சற்று முன்பு, போலியோ தாக்கியது. சாவதற்கு முந்தைய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் ஒரு நண்பருக்குக் குறிப்பு எழுதினார். ஓர் ஏழை நோயாளிக்குக் கொண்டுபோக வேண்டிய ஊசிமருந்து இது, இன்னொருவருடைய அடகுச் சீட்டு இது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு என்று. எழுத்து கோணிக்கோணிப் போயிருக்கும். மறுநாள், ஜூலை 4, இறந்தார். வயது 24. 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒரு சுரங்கத்திலும் அவர் பொறியாளராக வேலை பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கோணல் எழுத்துக் குறிப்பைப் போல உண்மையான ஒரு மிஷன் ஸ்டேட்மென்டை நான் படித்ததில்லை. அதில் ‘சமுதாயம்’ இல்லை. ஓர் ஊசிமருந்து, ஒரு சீட்டு, இரண்டு மனிதர்கள்.

அதனால், உங்கள் தாளில் ஒரு மனிதராவது இருக்கட்டும். பெயர் எழுத வேண்டாம், ஆனால் முகம் தெரியட்டும். சமுதாயத்தை மாற்றுவது பற்றி இன்றிரவு உங்களால் ஆன்மச் சோதனை செய்ய முடியாது. ‘என்னிடம் பேச வருகிறவர் பேசி முடிக்கும்வரை போனைக் கையில் எடுக்கமாட்டேன்’ என்பதைப் பற்றி முடியும். படுக்கப் போகும் முன் கேட்டுப் பார்க்க முடியாத வரி எதுவாக இருந்தாலும், அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி எழுதுங்கள்.

இன்னொன்று: கடவுளைப் பற்றி எழுதாமல் கடவுளிடம் எழுதுங்கள். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பித்துப் பாருங்கள், பாதி அலங்காரம் தானாக உதிர்ந்துவிடும். தலைவியாக உயர்வேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். மரியா சொன்னதைக் கவனியுங்கள். ‘நான் ஆண்டவரின் அடிமை, உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்.’ ‘செய்வேன்’ இல்லை, ‘நிகழட்டும்’. ஆனால் அதற்கு முன்னால் அவர் ‘இது எப்படி நிகழும்?’ என்று கேட்டார். கேட்டதற்காக வானதூதர் கோபிக்கவில்லை, பதில் சொன்னார். நீங்களும் கேளுங்கள். மடத்துக்குப் போகப் பயமாக இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். எரிகோ அருகே பார்வையற்றவரிடம் இயேசு, ‘நான் உமக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்?’ என்று கேட்கிறார். கண் தெரியாதவருக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தும் அவர் வாயால் கேட்க விரும்பினார். ஆன்மப் பயிற்சிகளிலும் ஒவ்வொரு தியானத்தின் தொடக்கத்திலும், நீ விரும்புவதைக் கேள் என்றுதான் இருக்கிறது. கடவுளின் விருப்பம் என்பது உங்கள் ஆழமான விருப்பத்துக்கு எதிராக எங்கோ ஒளிந்திருப்பதாக நினைக்காதீர்கள். துறவுக்கு அழைப்பு வந்தால் அது உங்களுக்குள் ஓர் ஆசையாக வளரும், நாளடைவில் பயத்தைவிடப் பெரிதாகும். வராவிட்டால், நீங்கள் அச்சத்தில் தள்ளிவைத்த தாள் மட்டும்தான் மிச்சம்.

திருப்பலியில் மனம் ஒட்டவில்லை என்கிறீர்கள். அது வேஷம் இல்லை. மனம் ஒட்டாமலும் போய் உட்கார்கிறீர்கள், அது விசுவாசம்தான். இஞ்ஞாசியார் இந்த வறட்சிக்கு ஒரு விதி தருகிறார்: வறண்ட காலத்தில், மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. தாளை எழுதியபின், ஒரு கசந்த இரவில் கிழித்துப் போடத் தோன்றும். அன்று கிழிக்காதீர்கள், மூடி வையுங்கள். இந்த வறட்சியையும் நீங்கள் நம்புகிற ஓர் ஆன்ம ஆலோசகரிடம் சொல்லுங்கள்; கடிதத்தில் நான் சொல்வதைவிட, எதிரே உட்கார்ந்து கேட்கிற ஒருவர் அதிகம் உதவுவார். தியானத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொன்னால், விருப்பம் இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அது செபம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் பன்னிரண்டு வரி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தியானத்தின் கடைசி நாள், அதே தாளின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் எழுத முடிந்தது. ‘ஆண்டவரே, நீர் என்னிடம் அனுப்புகிறவர்களைக் கேட்டுமுடிக்க எனக்குப் பொறுமை தாரும்.’ அப்போது நான் எழுத்தாளராவேன் என்று எனக்குத் தெரியாது, கடிதங்கள் வரும் என்றும் தெரியாது. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எழுத உட்காரும் முன், அந்த வரியைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

தியானம் முடிந்ததும் எழுதுங்கள். உங்களுக்காகச் செபிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா