பிளாஸ்டிக் படிப்பா என்று தயங்கும் பாலக்கோட்டு அப்பாவுக்கு

வணக்கம் அண்ணா,

"பிளாஸ்டிக்கைத் தடை பண்ணிட்டாங்க, இவ அதையே படிக்கப் போறேங்கறா" என்று போனில் அலுத்துக்கொண்டீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையானது, ஒருமுறை பயன்படுத்தி எறிகிற கேரி பேக், தட்டு, டம்ளர் வகையறா. உங்கள் தக்காளிக் காட்டுச் சொட்டுநீர் டியூபும், மண்மேல் விரிக்கிற மல்ச்சிங் ஷீட்டும் அதில் சேராது. ஓசூரில் தயாராகும் வண்டிகளின் பிளாஸ்டிக் பாகங்களும் சேராது.

பாப்பா கேட்பது சிப்பெட்டில் பி.எஸ்சி.க்குப் பிறகு படிக்கிற முதுநிலை டிப்ளமோ, இரண்டு வருடம். பிளாஸ்டிக் தயாரிப்பு, சோதனை இரண்டும் அதில் வரும். சிப்பெட் (CIPET) பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனம், 1968இல் சென்னை கிண்டியில் தொடங்கியது. அவளுக்குப் பிடித்தது சோதனைப் பக்கம். அது என்ன வேலை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

காலி பால் கவரைக் கழுவி, விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். மார்க்கரால் சம இடைவெளியில் ஐந்தாறு புள்ளி வைத்து மெதுவாக இழுங்கள். பட்டை முழுக்கச் சீராக நீளாது. ஓரிடம் இடுப்பு மாதிரி ஒடுங்கும். அங்கே புள்ளிகள் வெகுதூரம் விலகும், மற்றவை அப்படியே நிற்கும். லேப்பில் இப்படி இழுத்துப் பார்க்கிற யூ.டி.எம். மெஷினின் பிடி எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் குறித்தால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால்தான் நல்ல லேப்களில் புள்ளிகளைக் கேமரா வைத்துப் பின்தொடர்கிறார்கள். வெடுக்கென்று இழுத்தால் பட்டை சீக்கிரமே அறுந்துவிடலாம். சூடு ஏறினாலும் கணக்கு மாறும். ஆகவே பொதுவாக 23 டிகிரி அறையில், சொன்ன வேகத்தில்தான் இழுப்பார்கள்.

அறுவது கடைசிக் கட்டம். அதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் வாளியின் விளிம்பை மடித்தால் வெள்ளைக் கோடு விழுகிறதல்லவா? உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் திறந்து ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. நீளத்தோடு அகலத்தையும் தடிமனையும் அளந்து, கன அளவு கூடியிருந்தால் உள்ளே ஓட்டை பிறந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். இன்னொரு வழி, பாதி இழுத்து விட்டு, மறுபடி இழுப்பது. முன்பைவிடத் தளர்வாக வந்தால் பொருள் அடி வாங்கியிருக்கிறது. வெயிலில் கிடந்த பழைய ஷீட் தொட்டால் நொறுங்குமே, அது அறுவதற்கு முன் எவ்வளவு நீள்கிறது என்று அளந்தால் எத்தனை தூரம் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம். (வாங்கும்போதே இதைக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார்.)

ஒரே மாதிரி நூறு துண்டு இழுத்து நூறையும் ஒழுங்காக எழுதி வைக்கிற பொறுமை இதற்கு வேண்டும், அது பாப்பாவிடம் இருக்கிறது. முதல் சம்பளம் ஐ.டி. பையன்கள் அளவுக்கு இருக்காது, ஷிப்டும் இருக்கலாம். ஆனால் ஓசூர் பக்கம் வண்டி உதிரிபாகம் வார்க்கிற கம்பெனிகளுக்குத் தரம் பார்க்கிற ஆள் தேவை. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலைக்கு முயற்சி பண்ணலாம்.

சிப்பெட் நுழைவுத் தேர்வுக்கு அவர்களுடைய இணையதளத்திலேயே நேராக விண்ணப்பியுங்கள். சீட் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாப்பாவின் மார்க் ஷீட்டோடு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், என் எதிரிலேயே விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். வரும்போது அந்தப் பால் கவர் பட்டையையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.