சிங்கப்பூர் சகோதரர் கார் தருகிறார், ஊழியர் வாங்கிக்கொள்ளலாமா?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் சபை ஊழியம் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சபையில் பெரும்பாலானவர்கள் விவசாயக் கூலிகள். அங்கிருந்து சிங்கப்பூர் போன சகோதரர் ஒருவர் இவருக்குக் கார் வாங்கித் தர முன்வந்திருக்கிறார். "நம்ம பாஸ்டரும் நாலு பேர் மாதிரி வரணும்" என்கிறது கமிட்டியில் ஒரு பாதி, மறுபாதி முணுமுணுக்கிறது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமே பாக்கி, கார் எதற்கு என்கிறார் மனைவி. "வைராக்கியம் இருந்தால் போதாதா ஐயா, எளிமையையும் பார்த்தே ஆகணுமா?" என்று முடித்திருக்கிறார்.

பார்த்தே ஆகணும் தம்பி. கார் பாவம் என்பதற்காக அல்ல. நாளைக்கு நீங்கள் ஒன்று சொன்னால் அந்த ஊர் அதை நம்பவேண்டும், அதற்காக.

உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1780களின் தொடக்கத்தில், மைசூரின் ஹைதர் அலியோடு நடந்த போரின்போது, தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோனது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால், ராஜாவின் ஆட்கள் கேட்டும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கேட்டும் யாரும் மாட்டை அவிழ்க்கவில்லை. கடைசியில் அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்கச் சொன்னார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் எழுதி அனுப்பினார். சில நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி பணமும் கைக்குப் போனது.

ஏன் அவரை மட்டும் நம்பினார்கள்? அவர் வாழ்ந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். திருச்சியில் பழைய கட்டடம் ஒன்றில் ஒரு சிறிய அறை, சோறும் காய்கறியும், கறுப்புச் சாயம் போட்ட பருத்தி அங்கி, அவ்வளவுதான். 1779இல் சென்னை அரசுக்காகத் தூது போனபோது ஹைதர் அலி வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயைக்கூடத் திரும்பி வந்து அந்த அரசிடமே ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்ததும் தஞ்சாவூர் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை ஒதுக்க அனுமதி கேட்டார். பிரசங்கத்தை மறந்துவிடும் ஜனங்கள் இந்த மாதிரிக் கணக்கை மட்டும் மறப்பதில்லை.

ஆனால் ஒன்று. சுவார்ட்ஸ் கல்யாணம் ஆகாதவர். அவருடைய எளிமையை அப்படியே எடுத்து மனைவி பிள்ளைகள் தலையில் வைக்கக்கூடாது. இந்த விஷயத்தில் நம் ஊழியர்கள் பலரிடம் எனக்குக் கோபமே உண்டு. தான் பட்டினி கிடப்பது விசுவாசம், பிள்ளையைப் பள்ளிக் கட்டணத்துக்காக வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பது விசுவாசமல்ல. தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் பவுல் எவ்வளவு கடுமையாகச் சொல்கிறார் பாருங்கள். அதே நிருபத்தில்தான் வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்றும் இருக்கிறது. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்பதும் அங்கேதான். மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் மனைவி கேட்பது ஆடம்பரம் இல்லை. அதைக் கமிட்டியில் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வைராக்கியம் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார், 1711இல் புதிய ஏற்பாட்டுத் தமிழாக்கத்தை முடித்தார், இடையில் டேனிஷ் கவர்னர் அவரைச் சிறையிலும் போட்டார். ஒலிபெருக்கி இல்லாத வைராக்கியம் அது. 1719இல் 36 வயதில் உடம்பு தேய்ந்து இறந்தார் என்பதையும் மறக்கவேண்டாம், நீங்கள் வாரம் ஒரு நாள் ஓய்வெடுங்கள். உங்கள் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் விடியற்காலையில் போகிற பெண்கள் வீடு திரும்பி, சமைத்து, கொஞ்சம் உட்காரும் நேரம் எது என்று தெரிந்து அப்போது போய் ஜெபிப்பதும் வைராக்கியம்தான். அதற்கு டூவீலர் போதும், சில தெருக்களுக்கு அதுகூட நுழையாது.

சரி, பண விஷயத்துக்கு வருவோம். டெல்டா சபையில் காணிக்கை பயிரோடுதான் ஏறி இறங்கும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் பை நிறையும், அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்கூட நல்ல விலைக்குப் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூலியும் இருக்காது, காணிக்கையும் இருக்காது. தை மாத வருமானத்தை வைத்து வாழ்க்கையை அமைத்தால் கார்த்திகையில் கடன்தான். அதனால் கார்த்திகையிலும் கொடுக்க முடிகிற தொகையை மாதச் சம்பளமாக கமிட்டியே முடிவு செய்யட்டும், பள்ளிக் கட்டணத்தைத் தனியாக எழுதட்டும். அறுவடைக் காலத்து மிச்சம் சபை வங்கிக் கணக்கில் இருக்கட்டும், அதில் உங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்று இருக்கவே கூடாது. பொருளாளரும் இன்னொருவரும் போடவேண்டும். எருசலேமுக்குத் தர்மப்பணம் கொண்டுபோன பவுலே, ஒருவனும் குற்றம் சொல்லாதபடி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க இன்னொருவரைக் கூட அனுப்பினார். வரவு செலவை மாதம் ஒருமுறை ஆராதனை முடிந்ததும் வாசியுங்கள்.

இப்போது கார். உங்கள் பெயரில் வேண்டாம். சிங்கப்பூர் சகோதரருக்கு நீங்களே நன்றி சொல்லி எழுதுங்கள், கமிட்டி முடிவு செய்யும் முன் எழுதினால் நல்லது. சபைக்கு ஒரு வண்டி தேவையா என்று கேட்டால் தேவை என்றே சொல்வேன், ராத்திரியில் பிரசவ வலி வந்தால், பாம்பு கடித்தால், 108 வரும்வரை காத்திருக்க முடியாத வீடுகள் அங்கே உண்டு. அப்படியானால் பழைய வேன் ஒன்று சபைப் பெயரில் வாங்கலாம், சபைக்கு வராத குடும்பத்துக்கும் அது ஓடவேண்டும். சாவி உங்கள் வீட்டில் இல்லாமல் சபைப் பொறுப்பாளர் ஒருவர் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் சொந்த வேலைக்கு எடுத்தால் டீசல் காசைக் கட்டிவிட்டு எடுங்கள். இன்சூரன்ஸும் ரிப்பேரும் வருடா வருடம் யார் தருவார்கள் என்பதை அவரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அதற்கு அவர் தயாரில்லை என்றால், அந்தப் பணத்தில் சபைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ முடியுமா என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.